டிரைவர் தேடப் போய், ஆன்டிவைரஸ் தேர்ந்தெடுத்த கதை

வீட்டில் பன்னிரண்டு வருடப் பழைய ஸ்கேனர் ஒன்று இருக்கிறது. கண்ணாடியில் கீறல் இல்லை, விளக்கு பளிச்சென்று எரிகிறது. ஆனால் புதிதாக விண்டோஸ் 11 ஏற்றிய லேப்டாப்புக்கு அது என்ன சாதனம் என்றே தெரியவில்லை. தயாரித்த நிறுவனம் அந்த மாடலைத் தன் தளத்திலிருந்து எப்போதோ எடுத்துவிட்டது. சாதனத்தைக் கணினியோடு பேசவைக்கும் சின்ன நிரலான டிரைவரைத் தேடி ஒரு சனிக்கிழமை மாலை முழுக்க, பெயரே கேள்விப்படாத தளங்களில் அலைந்தேன். பழைய டிரைவர், சாதனத்துக்குள்ளேயே இருக்கும் பழைய ஃபர்ம்வேர் என்று தேடியவர்களுக்கு அந்தத் தளங்கள் பழக்கமாக இருக்கும். ஒரே பக்கத்தில் ஐந்து பச்சை ‘டவுன்லோட்’ பொத்தான்கள்; நான்கு விளம்பரம், ஒன்றுதான் நிஜம், சில சமயம் அதுவும் இல்லை.

மூன்றாவது தளத்தில் ‘நீங்கள் ரோபோ இல்லை என்று காட்ட அனுமதி என்பதை அழுத்தவும்’ என்று வந்தது. அழுத்தினேன். ஐந்தாவது தளத்தில் டிரைவர் என்று ஒரு சின்னக் கோப்பு இறங்கியது. திறந்தால் அது டிரைவரை இறக்கித் தரும் ‘டவுன்லோட் மேனேஜர்’. அதையும் ஓடவிட்டேன். டிரைவர் வரவில்லை. சோர்ந்துபோய் மூடிவிட்டுத் தூங்கப் போனேன்.

மறுநாள் காலையில் அக்கா கூப்பிட்டாள். “டேய், மூலையில வைரஸ் அஞ்சு இருக்குன்னு காட்டிட்டே இருக்கு, என்னடா பண்ண இதுல?” அவளுடைய மெயில், அலுவலக வேலை எல்லாம் அதே லேப்டாப்பில்தான். அதனால்தான் இந்த விஷயத்தை அரைகுறையாக விடாமல், ஒவ்வொன்றையும் குறித்துவைத்துக்கொண்டே செய்தேன். அந்தக் குறிப்புகள்தான் இது.

சுத்தம் செய்தது

முதலில் எல்லோரும் செய்வதைத்தான் செய்தேன்: இருந்த ஆன்டிவைரஸில் முழுச் சோதனை. ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஓடி, ஒன்றுமே இல்லை என்றது. ஆனால் அது சொல்லி முடித்த அடுத்த நிமிடம் மூலையில் மறுபடி ‘உங்கள் கணினியில் 5 வைரஸ்’ என்று ஒரு சிவப்புப் பெட்டி.

இந்த இடத்தில் நான் கொஞ்ச நேரம் உட்கார்ந்து யோசித்தேன். யோசித்தது நல்லதாகப் போயிற்று. அந்தப் பெட்டியைக் கூர்ந்து பார்த்தால் ஓரத்தில் பிரவுசரின் சின்னமும், அடியில் ஒரு தளத்தின் முகவரியும் இருந்தன. அது கணினிக்குள் புகுந்த நிரல் இல்லை. நான் ‘அனுமதி’ அழுத்தியபோது அந்தத் தளத்துக்கு அறிவிப்பு அனுப்பும் உரிமையைக் கொடுத்திருக்கிறேன், அதை வைத்துத்தான் விளம்பரம் வருகிறது. ஆன்டிவைரஸ் கோப்புகளைப் பார்க்கும். இங்கே கெட்ட கோப்பு எதுவும் இல்லை, பிரவுசர் அமைப்பில் ஒரு வரி மட்டுமே. தள அமைப்புகள், அதற்குள் அறிவிப்புகள் என்று போனால், அனுமதி பெற்ற பட்டியலில் எனக்குத் தெரியாத இரண்டு தளங்கள். நீக்கினேன். பெட்டி நின்றது. இரண்டு மணி நேரச் சோதனையால் முடியாதது பத்து விநாடியில் முடிந்தது.

தேடல் மட்டும் இன்னும் வேறு ஏதோ பக்கத்துக்குப் போய்க்கொண்டிருந்தது. இது அந்த டவுன்லோட் மேனேஜரின் வேலை. பிரவுசரில் ஒரு நீட்சியை, அதாவது எக்ஸ்டென்ஷனைப் போட்டிருந்தது. நீக்கும் பொத்தான் மங்கலாக இருந்தது. பிரவுசர் மெனுவின் அடியில் ‘உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது’ என்று ஒரு வாக்கியம் வேறு. இது வீட்டு லேப்டாப், எந்த நிறுவனமும் நிர்வகிக்கவில்லை. அலுவலகங்களுக்கென்று வைத்திருக்கும் கொள்கை அமைப்பை, விண்டோஸின் அமைப்புகள் சேமிக்கப்படும் ரெஜிஸ்ட்ரியில் எழுதி, நீட்சியை நீக்க முடியாதபடி கட்டிவைத்திருக்கிறார்கள். சில ஆன்டிவைரஸ் நிரல்களே இதே கொள்கை வழியைப் பயன்படுத்துவதுண்டு என்பதால், அந்த வாக்கியம் வந்தாலே தொற்று என்று முடிவு கட்டக் கூடாது. ஆனால் தெரியாத நீட்சியோடு சேர்ந்து வந்தால் சந்தேகப்பட வேண்டும்.

இதற்கு உதவியது அட்வ்கிளீனர். சின்ன நிரல், இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை. 2016-இல் மால்வேர்பைட்ஸ் அதை வாங்கியது. விளம்பரம் திணிக்கும் ஆட்வேர், தேடலைத் திருப்பிவிடும் பிரவுசர் கடத்தல் வகையறாவை மட்டுமே தேடும். சில நிமிடங்களில் அந்தக் கொள்கை வரியையும், நீட்சியையும், ஒரு ‘டாஸ்க்’கையும் காட்டிக்கொடுத்தது. நிரல்களைக் குறித்த சமயத்தில் தானாக இயக்கும் டாஸ்க் ஷெட்யூலரில் ஒளிந்திருந்த அது, லாகின் செய்யும்போதெல்லாம் ஒரு முகவரியைத் திறக்கும்படி எழுதப்பட்டிருந்தது. எல்லாவற்றையும் அகற்றிய பிறகு, மைக்ரோசாஃப்டின் ஆட்டோரன்ஸ் கருவியைத் திறந்து, தானாகத் தொடங்கும் நிரல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தேன். அதில் மைக்ரோசாஃப்டின் சொந்த வரிகளை மறைக்க ஒரு வசதி இருக்கிறது. மறைத்துவிட்டால் மிச்சம் இருப்பதைக் கண்ணால் சரிபார்க்கலாம்.

அப்புறம் விண்டோஸோடு வரும் ஆன்டிவைரஸான டிஃபெண்டரின் ஆஃப்லைன் சோதனை. கணினியை மறுதொடக்கம் செய்து, விண்டோஸ் முழுதாக எழுவதற்கு முன்பே பார்க்கும். விண்டோஸ் ஓடும்போது தன்னை மறைத்துக்கொள்ளும் வகைகளுக்கு இதுதான் ஏற்ற வழி. சுமார் பதினைந்து நிமிடம் ஆனது, ஒன்றும் கிடைக்கவில்லை.

இதோடு நிறுத்திவிடத் தோன்றியது. ஆனால் அந்த டவுன்லோட் மேனேஜர் ஓடிய நேரத்தில் என்ன எடுத்துக்கொண்டு போனது என்று எனக்குத் தெரியாது. இப்போது பரவலாக இருக்கும் திருட்டு நிரல்கள் கடவுச்சொல்லை மட்டும் எடுப்பதில்லை, பிரவுசரின் குக்கிகளையும் அள்ளிக்கொண்டு போகின்றன. நீங்கள் ஏற்கனவே உள்ளே நுழைந்ததற்கான அடையாளம் குக்கியில்தான் இருக்கிறது. அது கையில் கிடைத்தால், இரண்டாம் கட்டச் சரிபார்ப்பு போட்டிருந்தாலும் பல இடங்களில் அதைத் தாண்டிவிடலாம். அதனால் லேப்டாப்பைத் தொடாமல், ஃபோனிலிருந்து இரண்டு பேருடைய மெயில் கடவுச்சொற்களையும் மாற்றி, ‘எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறு’ என்பதை அழுத்தினோம். பிறகு வங்கி, பிறகு மற்றவை. சந்தேகம் உள்ள கணினியிலேயே புதுக் கடவுச்சொல்லைத் தட்டினால், புதியதையும் கொடுத்துவிட்டதாக ஆகிவிடும்.

எதைத் தேர்ந்தெடுப்பது

இனி டிரைவர் தேடலை நிறுத்திவிட முடியுமா? முடியாது. எனக்கு இந்த மாதிரித் தேடல் அடிக்கடி வரும். அதனால் இந்த வேலைக்கென்றே பாதுகாப்பை ஒழுங்குபடுத்த நினைத்தேன். நான் முதலில் கேட்ட கேள்வி, ‘ஆன்டிவைரஸ் ஒன்று, வேவு நிரல்களைப் பிடிக்கும் ஆன்டி-ஸ்பைவேர் ஒன்று, இரண்டும் தனித்தனியாக வேண்டுமா?’

இந்தப் பிரிவு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பதில் பாதி கிடைத்துவிடுகிறது. 2000-களின் தொடக்கத்தில் ஆன்டிவைரஸ் நிறுவனங்கள் வைரஸ், தானாகப் பரவும் வார்ம் போன்றவற்றையே தங்கள் வேலையாகப் பார்த்தன. ஸ்பைவேரைப் பிடிக்க ஆட்-அவேர், ஸ்பைபாட் மாதிரி தனி நிரல்களை எல்லோரும் வைத்திருந்தோம். மைக்ரோசாஃப்ட் 2004 இறுதியில் ஜயன்ட் என்ற நிறுவனத்தை வாங்கி, அதன் ஆன்டி-ஸ்பைவேரைத்தான் 2006-இல் விண்டோஸ் டிஃபெண்டர் என்று வெளியிட்டது. அன்றைய டிஃபெண்டர் வைரஸைப் பிடிக்காது. 2012-இல் விண்டோஸ் 8 வந்தபோதுதான் அது முழு ஆன்டிவைரஸாக மாறியது. இன்று ஏறக்குறைய எல்லா ஆன்டிவைரஸும் இரண்டையும் ஒரே எஞ்சினில் பார்க்கிறது. ‘ஆன்டி-ஸ்பைவேரும் உண்டு’ என்று பெட்டியில் எழுதியிருப்பதற்காகத் தனியாக ஒன்றை வாங்க வேண்டியதில்லை.

ஆனால் ஒரு ஓட்டை மிச்சம் இருக்கிறது, நான் மாட்டியதும் அதில்தான். அந்த டவுன்லோட் மேனேஜரை வைரஸ் என்று சொல்ல முடியாது. நிறுவும்போது ஏதோ ஒரு கட்டத்தில் சின்ன எழுத்தில் என் சம்மதத்தைக் கேட்டிருக்கும், நானும் ‘அடுத்து’ அழுத்தியிருப்பேன். இந்த வகையை ‘தேவையற்ற செயலி’ என்று தனியாக வைக்கிறார்கள். இதில் எவ்வளவு கண்டிப்பு என்பது நிரலுக்கு நிரல் மாறும். டிஃபெண்டரில் இதற்கென்று ஒரு சுவிட்ச் இருக்கிறது: விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் மற்றும் பிரவுசர் கட்டுப்பாடு, அதற்குள் நற்பெயர் அடிப்படையிலான பாதுகாப்பு. என் லேப்டாப்பில் அது அணைந்தே கிடந்தது. எந்த ஆன்டிவைரஸ் வைத்திருந்தாலும், முதலில் இந்தச் சுவிட்சைத் தேடிப் பாருங்கள்.

பிறகு சோதனைக்கூடங்களின் முடிவுகளைப் படித்தேன். ஜெர்மனியின் மாக்டெபுர்க் நகரில் இருக்கும் ஏவி-டெஸ்ட் பாதுகாப்பு, வேகம், பயன்பாடு என்று மூன்றுக்கும் தலா 6 மதிப்பெண், மொத்தம் 18 தருகிறது. ஆஸ்திரியாவின் இன்ஸ்புருக்கில் ஏவி-கம்பேரட்டிவ்ஸ். அட்டவணையின் மேல்பகுதியில் உள்ளவர்களுக்குள் பிடிக்கும் திறனில் வித்தியாசம் மிகக் குறைவு. என் போன்றவர்களுக்கு முக்கியமான எண் வேறு: தவறான எச்சரிக்கை எத்தனை என்பது. நான் தேடுவது உலகத்தில் கொஞ்சம் பேரே இறக்கிய பழைய டிரைவர்கள். அரிதான கோப்பு என்றாலே சில நிரல்கள் சந்தேகப்படும். நல்ல கோப்புக்கெல்லாம் அலறும் காவலனை வைத்துக்கொண்டால், இரண்டு வாரத்தில் ‘பரவாயில்லை, திற’ என்று அழுத்தக் கை பழகிவிடும். அந்தப் பழக்கம் வந்த பிறகு எந்த ஆன்டிவைரஸ் இருந்தும் பயனில்லை.

ஆன்டிவைரஸே என்னைப் பற்றி என்ன சேகரிக்கிறது என்பதையும் பார்த்தேன். அவாஸ்டின் துணை நிறுவனமான ஜம்ப்ஷாட் பயனர்களின் உலாவல் தரவை விற்றுவந்தது. விஷயம் வெளியே வந்ததும் 2020 ஜனவரியில் அதை மூடினார்கள். 2024-இல் அமெரிக்காவின் ஃபெடரல் டிரேட் கமிஷன் அவாஸ்டை 1 கோடியே 65 லட்சம் டாலர் கட்டச் சொன்னது. பாதுகாப்புக்காக நம் கணினிக்குள் எல்லா இடத்துக்கும் போகும் உரிமையைக் கொடுத்த ஒரு நிரல் அது. அதனால் எதை நிறுவினாலும் தனியுரிமைப் பக்கத்தைத் திறந்து, தரவு பகிர்வுக்கான டிக்குகளை எடுத்துவிடுவது இப்போது என் வழக்கம்.

காசு கட்டும் தொகுப்பு ஒன்றையும் சோதனைக் காலத்துக்குப் போட்டுப் பார்த்தேன். பிடிக்கும் திறனில் குறை சொல்ல முடியாது. ஆனால் பூட்டுச் சின்னத்தைத் தட்டி, தளம் நிஜம் என்று உறுதி சொல்லும் சான்றிதழைப் பார்த்தபோது, எல்லாத் தளத்துக்கும் சான்றிதழ் வழங்கியவர் இடத்தில் அந்த ஆன்டிவைரஸின் பெயரே இருந்தது. மறையாக்கிய இணைப்பை நடுவில் பிரித்துப் பார்க்க அது தன் மூலச் சான்றிதழை நிறுவியிருக்கிறது. கெட்டதைப் பிடிக்கத்தான் அப்படிச் செய்கிறார்கள். இருந்தாலும் என் வங்கி இணைப்பை இன்னொரு நிரல் நடுவில் பிரித்து ஒட்டுவது எனக்கு ஒப்பவில்லை. கூடவே தினமும் விபிஎன் வாங்கு, கிளீனர் வாங்கு என்று பெட்டிகள். போலி எச்சரிக்கைப் பெட்டிகளை நம்பாதே என்று அக்காவுக்குச் சொல்லிக்கொண்டே, அதே மாதிரி சிவப்புப் பெட்டி காட்டும் நிரலை அவளுடைய திரையில் வைக்க எனக்கு மனம் வரவில்லை. எடுத்துவிட்டேன். எடுத்ததும் டிஃபெண்டர் தானாக மறுபடி இயங்கியது.

கடைசியில் நிலைத்தது இதுதான்: எப்போதும் காவலுக்கு டிஃபெண்டர், தேவையற்ற செயலித் தடுப்போடு. கூப்பிட்டால் மட்டும் வரும் இரண்டாவது கண்ணாக மால்வேர்பைட்ஸ் இலவசப் பதிப்பு. சோதனைக் காலம் முடிந்தால் இலவசப் பதிப்பில் நிகழ்நேரக் காவல் நின்றுவிடும், நாம் கேட்கும்போது மட்டும் சோதிக்கும். எனக்கு வேண்டியதும் அதுதான். நிகழ்நேரக் காவல் இரண்டு ஒரே சமயத்தில் ஓடினால், ஒரே கோப்பை இரண்டும் பிடித்து இழுத்து, கணினி நின்று நின்று ஓடும்.

காவல் விழித்திருக்கிறதா என்று பார்த்தது

ஐகார் என்று ஒரு சோதனைக் கோப்பு உண்டு. 68 எழுத்துகள் கொண்ட ஒரே வரி. எந்தக் கெடுதலும் செய்யாது, ஆனால் எல்லா ஆன்டிவைரஸும் அதை வைரஸ் மாதிரி நடத்த ஒப்புக்கொண்டிருக்கின்றன. நோட்பேடில் ஒட்டிச் சேமித்தேன், உடனே பிடிபட்டது. இது காவலின் தரத்தைக் காட்டாது, விழித்திருக்கிறது என்று மட்டும் காட்டும்.

அதைவிடப் பயனுள்ள சோதனை ஒன்று செய்தேன். அதே கோப்பை லினக்ஸ் கணினியில் வைத்து, கடவுச்சொல் போட்ட ஜிப்பாக மாற்றி, பென்டிரைவில் கொண்டுவந்தேன். லேப்டாப்பில் நகலெடுத்தேன், ஒரு சத்தமும் இல்லை. நானே சோதனை செய்யச் சொன்னேன், அப்போதும் இல்லை. கடவுச்சொல் தெரியாமல் உள்ளே பார்க்க முடியாதே. பிரித்து எடுத்தபோதுதான் பிடித்தது. ‘கடவுச்சொல் 1234’ என்று பக்கத்தில் எழுதிவைத்து ஜிப் கொடுக்கும் தளங்கள் ஏன் அப்படிக் கொடுக்கின்றன என்று அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்துப் புரிந்துகொண்டேன். ‘பிரிக்கும் முன் ஆன்டிவைரஸை அணைத்துவிடுங்கள்’ என்ற வரியும் சேர்ந்து இருந்தால், அந்தப் பக்கத்தை அப்படியே மூடிவிடுகிறேன்.

ஆம்ட்சோ என்ற அமைப்பின் தளத்தில் தேவையற்ற செயலி, கடவுச்சொல் திருடும் ஃபிஷிங் பக்கம் போன்றவற்றுக்கும் கெடுதலற்ற சோதனைகள் இருக்கின்றன. நான் சொன்ன அந்தச் சுவிட்ச் அணைந்திருந்தபோது தேவையற்ற செயலிக் கோப்பு இறங்கி அமைதியாக உட்கார்ந்திருந்தது. இயக்கிய பிறகு தடுத்தது. அமைப்பை மாற்றியதும் இப்படி ஒருமுறை பார்த்துவிட்டால் மனத்துக்குத் தெம்பு.

பிரவுசர் பக்கம்

என் இரண்டு தவறுகளும் பிரவுசரில் தொடங்கியவை. அதனால் ஆன்டிவைரஸைவிட இங்கேதான் அதிக நேரம் செலவழித்தேன். ஆபத்தான தேடலுக்கென்று தனியாக ஃபயர்ஃபாக்ஸ். அதில் எந்தக் கணக்கிலும் நுழைவதில்லை, ஒரு கடவுச்சொல்லும் சேமிப்பதில்லை, மூடினால் குக்கி அழிந்துவிடும். அறிவிப்பு கேட்கும் உரிமையே எந்தத் தளத்துக்கும் இல்லை. விளம்பரத் தடுப்பு நீட்சியான யூபிளாக் ஆரிஜின் போட்டதும் அந்த ஐந்து பச்சைப் பொத்தான்களில் பெரும்பாலும் ஒன்றுதான் மிஞ்சுகிறது. குரோமில் அதன் முழுப் பதிப்பு 2024 இறுதியிலிருந்து படிப்படியாக நிறுத்தப்பட்டு, லைட் பதிப்புதான் கிடைக்கிறது; நான் ஃபயர்ஃபாக்ஸுக்குப் போக அதுவும் ஒரு காரணம்.

இந்தத் தேடலை அட்மின் உரிமை இல்லாத தனி விண்டோஸ் கணக்கில் செய்கிறேன். அக்காவின் கோப்புகள் அந்தக் கணக்கின் கைக்கு எட்டாது. தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ்ஸை 9.9.9.9, அதாவது குவாட்9-க்கு மாற்றினேன். தெரிந்த கெட்ட முகவரிகளை அது திறக்கவே விடாது. ப்ரோ பதிப்பு வைத்திருப்பவர்களுக்கு விண்டோஸ் சாண்ட்பாக்ஸ் இருக்கிறது, மூடியதும் உள்ளே நடந்த எல்லாம் மறைந்துவிடும். ஹோம் பதிப்பில் அது கிடையாது, எங்களுடையது ஹோம்.

இறக்கிய கோப்பை, பல ஆன்டிவைரஸ்களில் ஒரே சமயத்தில் சோதித்துச் சொல்லும் வைரஸ்டோட்டல் தளத்தில் பார்ப்பேன். முதலில் கோப்பின் ஹாஷை, அதாவது அதன் கைரேகை போன்ற குறியீட்டை மட்டும் கொடுத்துத் தேடுவேன், ஏற்கனவே யாராவது ஏற்றியிருந்தால் முடிவு வந்துவிடும். சொந்த ஆவணங்களை அங்கே ஏற்றவே கூடாது, ஏற்றியது பாதுகாப்பு நிறுவனங்களின் கைக்கும் போகும்.

இந்த ஏற்பாட்டோடு மறுபடி தேடப் போன முதல் நாளே புதிதாக ஒன்றைப் பார்த்தேன். ‘சரிபார்க்க: விண்டோஸ் விசையோடு ஆர் அழுத்துங்கள், பிறகு கன்ட்ரோல் வி, பிறகு என்டர்’ என்றது ஒரு பக்கம். நான் நோட்பேடைத் திறந்து ஒட்டிப் பார்த்தேன். நான் நகலெடுக்காத ஒரு நீளமான பவர்ஷெல் கட்டளை வந்து விழுந்தது. எங்கிருந்தோ எதையோ இறக்கி ஓட்டும் கட்டளை. கிளிக்ஃபிக்ஸ் என்று இதற்குப் பெயர். விண்டோஸ் விசையும் ஆரும் கட்டளை ஓட்டும் பெட்டியைத் திறக்கும்; அதில் ஒட்டி என்டர் தட்டினால், நிரலை ஓட்டுவது நம் கைதான். எந்த ஆன்டிவைரஸும் இதை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடும் என்று நான் நம்பவில்லை. அக்காவைக் கூப்பிட்டுத் திரையைக் காட்டினேன். எந்த நல்ல பக்கமும் விசைப்பலகையில் இப்படிச் செய்யச் சொல்லாது என்றேன். “இது எனக்கு வந்திருந்தா பண்ணியிருப்பேன்டா” என்றாள். அவளுக்கு அதைக் காட்ட முடிந்ததே எனக்கு இந்த வேலையில் கிடைத்த பெரிய நிம்மதி.

ஸ்கேனர்

டிரைவர் கடைசியில் அந்தத் தளங்கள் எதிலும் கிடைக்கவில்லை. இணையப் பக்கங்களின் பழைய நகல்களைச் சேமித்துவைக்கும் வேபேக் மெஷினில் நிறுவனத்தின் பழைய பக்க முகவரியைக் கொடுத்தேன். பல வருடம் முன்பு பதிந்த நகலில் 64 பிட் டிரைவர் இறங்கியது. வலது கிளிக், பண்புகள், டிஜிட்டல் கையொப்பம்: நிறுவனத்தின் பெயர், கையொப்பம் செல்லும் என்று இருந்தது. ஹாஷும் வைரஸ்டோட்டலில் பழைய கோப்பாகவே இருந்தது. நிறுவினேன், விளக்கு நகர்ந்தது.

ஆனால் ஸ்கேன் செய்த முதல் பக்கம் டாக்குமென்ட்ஸ் ஃபோல்டரில் சேரவில்லை. பத்து நிமிடம் ஸ்கேனர் நிரலில் தேடிய பிறகுதான் நினைவு வந்தது: கோப்புகளைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் ரான்சம்வேருக்காக டிஃபெண்டரில் ‘கட்டுப்பட்ட ஃபோல்டர் அணுகல்’ இயக்கியிருந்தேன். தெரியாத நிரல் அங்கே எழுதக் கூடாது என்று அது தடுத்திருக்கிறது. பாதுகாப்பு வரலாற்றில் அந்தத் தடுப்பு பதிவாகியிருந்தது. அங்கிருந்தே ஸ்கேனர் நிரலை அனுமதிப் பட்டியலில் சேர்த்தேன். இரண்டாவது பக்கம் சேமிக்கப்பட்டது.